வேகப்பந்து போடும் பையனுக்கு ஒரே கோச் போதுமா?

என் மூத்த பையன் வலது கை வேகப்பந்து வீச்சாளன். 15 வயது முடிவதற்குள் முதுகெலும்பில் விரிசல் விட்டு, ஒரு கிரிக்கெட் சீசன் முழுக்கப் பந்தைத் தொடாமல் இருந்தான். இப்போது மறுபடியும் போடுகிறான், நன்றாகவே போடுகிறான். ஆனால் இடைப்பட்ட அந்தக் காலம் எங்கள் வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டது. அவன் அப்பா குவைத்தில் வேலை பார்க்கிறார். நான் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கோச், டாக்டர், ஸ்கேன் சென்டர், பிசியோ என்று எல்லா இடத்துக்கும் தனியாகத்தான் அலைந்தேன். கிரிக்கெட்டைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் டிவியில் பார்த்தது மட்டும்தான். விவரம் தெரிந்த யாராவது முன்பே உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். ஒரே கோச் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தால் போதுமா, பேட்டிங்குக்கு ஒருவர் வேகப்பந்துக்கு ஒருவர் என்று தனித்தனியாக வேண்டுமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு இது உதவட்டும்.

பையனை 10 வயதில் எங்கள் பகுதியில் இருக்கும் ஒரு அகாடமியில் சேர்த்தோம். மாதம் 2,000 ரூபாய் ஃபீஸ். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஷூ இலவசம் என்றார்கள், கட்டினோம். அங்கே கோச் ஒரே ஒருவர்தான். அந்தக் காலத்தில் மாவட்ட லீக்கில் விக்கெட் கீப்பராக ஆடியவர். பேட்டிங், பவுலிங், ஃபீல்டிங், ஓட்டப்பயிற்சி எல்லாம் அவரே. ஐம்பது அறுபது பிள்ளைகள் இருப்பார்கள், அத்தனை பேரின் பெயரும் அவருக்குத் தெரியும். எந்தப் பையன் வீட்டில் என்ன பிரச்சினை, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்பதுவரை தெரியும். என் பையன் அதுவரை பயந்த சுபாவம். கேட்ச் பிடிக்கக் கற்றது, தோற்றால் எதிரணிக்குக் கை கொடுக்கக் கற்றது, காலை ஐந்து மணிக்குத் தானாக எழுந்து பழகியது எல்லாம் அவரிடம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு அவரை மோசமானவர் என்று யாரும் நினைக்கக் கூடாது.

அந்த வயதுக்கு அப்படிப்பட்ட கோச்தான் சரி. 12, 13 வயதுவரை பிள்ளை எல்லாவற்றையும் செய்து பார்க்க வேண்டும். பந்து போடட்டும், பேட் பிடிக்கட்டும், கீப்பிங் கிளவுஸும் மாட்டட்டும். அந்த வயதிலேயே "இவன் ஃபாஸ்ட் பவுலர்" என்று முத்திரை குத்தி அதற்கென்று தனி கோச் வைப்பது பணத்துக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. நம் அஷ்வினையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் அவர் முதன்மையாக பேட்ஸ்மேன். பள்ளி நாட்களில் சி.கே. விஜய் என்ற கோச்தான் அவரை ஆஃப் ஸ்பின் பக்கம் திருப்பியவர். பையனை முழுசாகப் பார்க்கிற ஒருவரால்தான் அப்படித் திருப்ப முடியும். பேட்டிங் மட்டுமே பார்க்கிறவர் கண்ணில் அது படாது.

எங்கள் விஷயத்தில் மாற்றம் வந்தது அவன் உயரத்தோடு. 14 வயதில் கிடுகிடுவென்று வளர்ந்தான். பள்ளி திறந்தபோது தைத்த பேன்ட் அரையாண்டுக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. உயரம் கூடியதும் வேகமும் கூடியது. கோச்சுக்கு ஒரே சந்தோஷம். "மேடம், பையன் வேற லெவல். மாவட்ட டீம்ல கண்டிப்பா எடுத்துருவாங்க" என்றார். சேலம் பக்கம் எந்தப் பையன் கொஞ்சம் வேகமாகப் போட்டாலும் இந்திய அணிக்கு ஆடிய வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் பெயர் வந்துவிடும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அகாடமியில் பெரிய பையன்கள் பேட்டிங் பழகும்போதும் இவனையே போடச் சொன்னார்கள். பள்ளியில் பி.டி. சார் இவனை விட்டால் ஆள் இல்லை என்று மண்டலப் போட்டி, மாவட்டப் போட்டி எல்லாவற்றுக்கும் கூட்டிப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஒரு லீக் அணி. அங்கே கேப்டன், முதல் ஸ்பெல்லும் (ஒருவரே தொடர்ந்து போடும் ஓவர்கள்) இவன்தான், கடைசி ஸ்பெல்லும் இவன்தான் என்று வைத்திருந்தார்.

அதே சமயம் கோச் ஒரு திருத்தமும் சொன்னார். என் பையன் இயல்பாகவே நெஞ்சை பேட்ஸ்மேனுக்கு நேராகக் காட்டி ஓடி வந்து போடுகிறவன். கோச் பழைய முறையில் பழகியவர். "இடது கையைத் தூக்கு, அந்தத் தோளுக்கு மேல பேட்ஸ்மேனைப் பாரு, உடம்பைப் பக்கவாட்டுல திருப்பு" என்று தினமும் சொன்னார். பையனும் கீழ்ப்படிந்து தோளைத் திருப்பினான். கால் மட்டும் பழையபடி நேராகவே விழுந்துகொண்டிருந்தது. இதன் அர்த்தம் என்னவென்று எனக்கோ அவனுக்கோ தெரியாது, கோச்சுக்கும் தெரியாது. டாக்டர் பின்னால் விளக்கியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்கால் தரையில் விழும்போது இடுப்பும் தோளும் ஒரே திசையில் இருக்க வேண்டும். இரண்டும் நேராக இருக்கலாம், இரண்டும் பக்கவாட்டில் இருக்கலாம். பந்து வீசும் விதத்தை ஆக்‌ஷன் என்பார்கள். இடுப்பு ஒரு பக்கம், தோள் இன்னொரு பக்கம் என்றால் அது கலப்பு ஆக்‌ஷன். பந்தை விடுவதற்குச் சற்று முன், முன்கால் தரையில் ஊன்றும் நொடியில் அதில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை இறங்குகிறது. அந்த நேரத்தில் முறுக்கிக்கொண்டிருக்கும் கீழ் முதுகு அதைத் தாங்க வேண்டும். ஆயிரக்கணக்கான பந்துகள் போட்ட பிறகு எலும்பு களைத்துப்போய் விரிசல் விடும். வலது கைப் பந்து வீச்சாளருக்கு அது பெரும்பாலும் இடது பக்கத்தில் வரும். மேற்கு ஆஸ்திரேலியாவில் புரூஸ் எலியட், டேரில் ஃபாஸ்டர் போன்றவர்கள் 1980களிலிருந்தே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் அது எங்கள் அகாடமியின் சிமென்ட் நெட்வரை வந்து சேரவில்லை. என் கோபமெல்லாம் அங்கேதான்.

முதலில் வலி வந்தபோது அது வலியாகவே தெரியவில்லை. மேட்ச் முடிந்து வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். "என்ன சாமி, வலிக்குதா?" என்றால் "இல்லம்மா, பிடிச்சிருக்கு" என்பான். கோச்சிடம் சொன்னேன். வளர்கிற வயது, தசைப்பிடிப்பு, ஐஸ் வையுங்கள் என்றார். பக்கத்து வீட்டு அக்கா சொல்லி சுளுக்கு எடுப்பவரிடமும் போனோம். அவர் எண்ணெய் விட்டு இழுத்ததில் அன்றைக்கு இரவு முழுக்க அவன் தூங்கவில்லை. அப்புறம் ஒரு எலும்பு டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒன்றும் இல்லை, பத்து நாள் ஓய்வு, மாத்திரை என்றார். ஓய்வில் வலி போனது. மறுபடி போட ஆரம்பித்ததும் வந்தது.

இதைப் படிக்கும் பெற்றோர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்புக்குள் வீக்கமாக இருக்கும்போதே எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்துவிடும். வளரும் வயதில் வேகப்பந்து போடுகிற பிள்ளைக்குக் கீழ் முதுகில் ஒரு பக்கமாக வலி, பந்து போட்டால் கூடுகிறது, ஓய்வெடுத்தால் குறைகிறது, பின்னால் வளைந்தால் குத்துகிறது என்றால் அதைத் தசைப்பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். ஒற்றைக்காலில் நின்று பின்பக்கமாக வளையச் சொல்லிப் பாருங்கள். அதில் வலித்தால் அன்றே பந்து வீச்சை நிறுத்திவிட்டு, விளையாட்டுக் காயம் பார்க்கும் டாக்டரிடம் போங்கள். இந்தச் சோதனை மட்டுமே முடிவு சொல்லிவிடாது, ஆனால் அசட்டையாக இருக்க விடாது. ஸ்கேனுக்கு எங்களுக்கு 7,500 ரூபாய் ஆனது. அந்தத் தொகையை முதல் மாதமே செலவழித்திருந்தால் பின்னால் போன பணத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

நாங்கள் ஸ்கேனுக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சிறப்பு முகாமுக்குப் போனோம். வேறொரு ஊரில், வேகப்பந்து வீச்சுக்கென்றே ஒரு வாரப் பயிற்சி. நடத்துபவர் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர். கட்டணம் 15,000 ரூபாய், நாங்கள் தங்கியதற்கும் சாப்பாட்டுக்கும் இன்னொரு 6,000. கடையில் சம்பளமில்லா விடுப்பு. பொது கோச்சுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்திருக்கும், முதுகு வலிக்கும் இவரே வழி சொல்வார் என்று நம்பித்தான் போனேன். பந்து போட ஓடி வரும் தூரத்தை, அதாவது ரன்-அப்பை, பத்தடி நீட்டினார்கள். மணிக்கட்டைப் பார்த்தார்கள், வேகம் அளக்கும் கருவியை வைத்தார்கள், வீடியோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். காலையும் மாலையும் போடச் சொன்னார்கள், புது ரன்-அப் உடம்பில் பதிய வேண்டும் என்று. சேர்க்கைப் படிவத்தில் அப்பா தொழில் என்ன என்று கேட்டிருந்தார்கள், ஜெர்சி அளவு கேட்டிருந்தார்கள். உடம்பில் எங்கேயாவது வலி உண்டா, வாரத்துக்கு எவ்வளவு பந்து போடுகிறான் என்ற கேள்வி அதில் இல்லை. நானாகவே போய் முதுகு வலியைச் சொன்னதற்கு, "ஃபாஸ்ட் பவுலர்னா வலி இருக்கும்மா, அதைத் தாண்டித்தான் வரணும்" என்றார். அந்த வாக்கியத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. 14 வயதுப் பையன் அதைக் கேட்டுவிட்டு அதற்கப்புறம் வலியையே வெளியில் சொல்லவில்லை.

ஆகவே "ஸ்பெஷலிஸ்ட் கோச்" என்று பலகை மாட்டியிருந்தால் மட்டும் போதாது. வேகமாகப் பந்து போட்டவர் ஒருவர், வேகப்பந்து போடக் கற்றுத்தரத் தெரிந்தவர் இன்னொருவர். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு வாரத்தில் ஆக்‌ஷனை மாற்றிவிட்டு அடுத்த மாதம் என்ன ஆயிற்று என்று கேட்காதவரிடம் பிள்ளையின் முதுகை ஒப்படைக்காதீர்கள்.

முகாமிலிருந்து வந்த கொஞ்ச நாளில் ஒரு லீக் மேட்ச். இரண்டாவது ஸ்பெல்லின் நடுவில் பந்தை விட்டுவிட்டுக் குனிந்தவன் நிமிரவில்லை. இரண்டு பையன்கள் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். எனக்கு ஃபோன் வந்தபோது கடையில் ஆடிக் கழிவு கூட்டம். ஆட்டோவில் போகும்போது அவன் அப்பாவுக்கு அடித்தேன், அவர் எடுக்கவில்லை, அங்கே வேலை நேரம். அன்றைக்கு இருந்த தனிமையை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் விளையாட்டு மருத்துவம் படித்த ஒரு டாக்டரிடம் போனோம். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். முதுகெலும்பின் அடியில் ஐந்தாவது எலும்பு, இடது பக்கம், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது எலும்பு களைத்துப்போய் விடும் அந்த விரிசல். படத்தை விளக்கில் காட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "வாரத்துக்கு மொத்தம் எத்தனை ஓவர் போடறான்?" எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே அகாடமி கோச்சுக்கு ஃபோன் போட்டேன். "நம்ம நெட்ல அளவாத்தான் மேடம் போடறான்" என்றார். பி.டி. சாரும் பள்ளி மேட்ச் கம்மிதானே என்றார். லீக் கேப்டன் ஞாயிறு மட்டும்தானே என்றார். மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பங்கு அளவாகத்தான் இருந்தது. மூன்றையும் கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அன்று இரவு பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு நாளாகக் கேட்டு எழுதிப் பார்த்தேன். சில வாரங்களில் 300 பந்துக்கு மேல் வந்தது, அதுவும் நாள் விடாமல்.

எவ்வளவுதான் போடலாம் என்று கேட்டபோது டாக்டர் இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வகுத்த வழிகாட்டுதலைக் காட்டினார். 13 வயதுவரை ஒரு ஸ்பெல்லுக்கு 5 ஓவர், நாளுக்கு 10. 14, 15 வயதில் ஸ்பெல்லுக்கு 6, நாளுக்கு 12. 16, 17 வயதில் ஸ்பெல்லுக்கு 7, நாளுக்கு 18. பயிற்சிக்கும் அளவு உண்டு. 14, 15 வயதுப் பையன் ஒரு பயிற்சியில் 36 பந்து, அதுவும் வாரத்துக்கு இரண்டு பயிற்சிதான். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போடக் கூடாது. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் வந்த மாதங்கள்தான் உண்மையான சோதனை. பந்து வீச்சு கிடையாது, ஓட்டம் கிடையாது, கனமான பையைத் தூக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று தெரிந்தது, அதற்கு மருந்து. பையன் பேச்சைக் குறைத்துவிட்டான். அவனோடு பழகிய பையன்கள் மாவட்ட அணித் தேர்வுக்குப் போன நாளில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக்கிடந்தான். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "பத்தாவது படிக்கிற பையனை எதுக்கு இதுல விட்ட, கண்ணு?" என்று என் மாமியார் கேட்டதில் தவறில்லை, ஆனால் கேட்ட நேரம் என்னால் தாங்க முடியவில்லை. அவன் அப்பா ஃபோனில், "உசுரோட நடமாடுறானே, அது போதும்" என்றார்.

அப்போது எனக்குத் தெம்பு கொடுத்தது பெரிய வீச்சாளர்களின் கதைகள்தான். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டெனிஸ் லில்லி 1973இல் வெஸ்ட் இண்டீஸ் பயணத்தில் முதுகெலும்பில் விரிசல் விட்டு, ஆக்‌ஷனையே மாற்றிக்கொண்டு 1974 கடைசியில் திரும்பி வந்தவர். அதே லில்லிதான் 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியபோது பயிற்சி கொடுக்க வந்தார். இன்னொரு ஆஸ்திரேலியர் பாட் கம்மின்ஸ் 2011 நவம்பரில் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்ட் ஆடியது 2017 மார்ச்சில், ராஞ்சியில். நடுவில் முதுகும் மற்ற காயங்களும் அவரை உட்கார வைத்துவிட்டன. பும்ரா 2023இல் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அதே வருடம் திரும்பினார். பையனிடம் இவற்றைச் சொல்லிச் சொல்லித்தான் அந்த மாதங்களைத் தள்ளினேன். உலகத்தின் மிகச் சிறந்த உதவி கிடைக்கிறவர்களுக்கே இந்த நிலை என்றால், சிமென்ட் தரையில் குதிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்றும் யோசித்துக்கொண்டேன்.

செலவையும் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. முகாமும் தங்கியதும் 21,000. இரண்டு ஸ்கேன் 15,000. டாக்டர், மருந்து, பெல்ட் எல்லாம் சேர்த்து 9,000. பிசியோ ஒரு அமர்வுக்கு 500, மொத்தம் முப்பதாயிரத்தைத் தாண்டியது. அகாடமிக்கு முன்பணமாகக் கட்டிய வருட ஃபீஸில் திரும்பி வந்தது எதுவும் இல்லை. அப்புறம் திரும்ப வந்தபோது ஆக்‌ஷனைச் சரிசெய்த கோச்சுக்கும் போக்குவரத்துக்கும் 25,000. நான் இழந்த சம்பளத்தை இதில் சேர்க்கவில்லை. வருட ஃபீஸை மொத்தமாகக் கட்டாதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். காயம் பட்டால் ஃபீஸ் என்ன ஆகும் என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேளுங்கள்.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, அவர் சொன்ன ஒரு வேகப்பந்து கோச்சிடம் போனோம். சாதாரண மனிதர், பெரிய பெயர் கிடையாது. முதல் நாள் பந்தையே கொடுக்கவில்லை. ஸ்கேன் அறிக்கையைக் கேட்டார், பிசியோவின் ஃபோன் நம்பரைக் கேட்டார், எங்கள் முன்னாலேயே அவரிடம் பேசினார். எனக்கு அங்கேயே பாதி நிம்மதி வந்துவிட்டது. அப்புறம் நடந்து வந்து போடுவதை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் பிடித்தார். "உன் கால் நேரா விழுது, அதை மாத்த வேண்டாம் தம்பி. தோளையும் நேராவே வெச்சுக்க. உனக்கு அதுதான் இயற்கை" என்றார். ஒரு வருடமாகக் கஷ்டப்பட்டுத் திருப்பிய தோளைத் திருப்பாமல் விடுவதற்குப் பல வாரம் பிடித்தது. நின்ற இடத்தில் போடுவது, இரண்டடி எடுத்துப் போடுவது, பாதி ரன்-அப், ஒரு நாள் விட்டு ஒரு நாள், எண்ணி இத்தனை பந்து என்று போனது. வயிற்றுத் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் பிசியோ கொடுத்த பயிற்சியைச் செய்யாமல் வந்தால் அன்றைக்குப் பந்து கிடையாது. வேகத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

நடராஜன் பெயரைச் சொன்னேன் அல்லவா, அவர் கதையிலும் இந்தப் பக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. 2015இல் தமிழ்நாட்டுக்கு முதல் ரஞ்சிப் போட்டி ஆடியதும் அவர் ஆக்‌ஷன் விதிப்படி சரிதானா என்ற சந்தேகம் எழுந்தது. மாநில அளவில் விவரம் தெரிந்த பயிற்சியாளர்கள் கூடவே இருந்து திருத்தி, அதற்குப் பிறகுதான் அவர் மேலே போனார். இயற்கையான திறமை அவரை ஊரிலிருந்து சென்னைவரை கொண்டு சேர்த்தது, அதன் பிறகு நுட்பம் அறிந்த கண்கள் தேவைப்பட்டன. சச்சின் 1987இல் வேகப்பந்து வீச்சாளராக வேண்டும் என்று சென்னையில் அதே எம்.ஆர்.எஃப். மையத்துக்கு வந்தபோது, பேட்டிங்கைப் பார் என்று திருப்பி அனுப்பியதும் லில்லிதான். தன் துறையை ஆழமாகத் தெரிந்தவரால்தான் "இது உனக்கு வேண்டாம்" என்று தைரியமாகச் சொல்ல முடியும். பணத்துக்காக முகாம் நடத்துகிறவரிடம் அந்தச் சொல் வராது.

பழைய கோச்சை நான் விட்டுவிடவில்லை. ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே காட்டினேன். முதலில் முகம் மாறியது. "எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் நான் சொல்லிக்கொடுத்தேன் மேடம்" என்றார். உண்மைதான். அவர் படித்த ஆரம்ப நிலைக் கோர்ஸ் எல்லாப் பிரிவையும் தொட்டுக்காட்டுவது, அதில் இவ்வளவு ஆழம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் நான் அவரிடம் ஒன்று கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு நான் சொல்லல சார். தெரியாத இடம் வந்தா தெரிஞ்சவங்ககிட்ட அனுப்புங்க, அது போதும்." சில நாள் அவர் சரியாகப் பேசவில்லை. அப்புறம் அவரே ஃபோன் செய்து, வேறு இரண்டு உயரமான பையன்களுக்கும் முதுகு பிடிப்பதாகச் சொல்லி அந்த டாக்டரின் விலாசத்தைக் கேட்டார். அவரிடம் என் மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

என் முடிவு இதுதான். கோச்கள் எல்லோரும் ஒரே பிரிவில் நிபுணராகிவிட்டால் பிள்ளையை முழுசாகப் பார்க்க ஆள் இருக்காது. பேட்டிங் கோச் பேட்டிங்கைக் கூட்டுவார், பவுலிங் கோச் பவுலிங்கைக் கூட்டுவார், ஃபிட்னஸ் கோச் ஓட்டத்தைக் கூட்டுவார். எல்லாம் இறங்குவது ஒரே உடம்பில். இந்திய அணிக்குப் பேட்டிங், பவுலிங், ஃபீல்டிங் என்று தனித்தனி கோச் இருக்கலாம், ஆனால் அவர்களுக்கு மேலே தலைமைக் கோச் ஒருவரும், ஒவ்வொரு வீச்சாளரின் பந்தையும் எண்ணுவதற்கு ஆட்களும் இருக்கிறார்கள். நம் ஊரில் அந்த அமைப்பு கிடையாது. அதனால் ஊர்ப் பிள்ளைக்கு முதல் தேவை, எல்லாவற்றையும் பார்க்கிற ஒரு பொறுப்பான பொது கோச். அவர் கையில் பிள்ளையின் முழுக் கணக்கும் இருக்க வேண்டும். வேகப்பந்து, சுழற்பந்து, கீப்பிங் என்று உடம்புக்கோ நுட்பத்துக்கோ சிக்கல் உள்ள இடத்தில் அந்தப் பிரிவு தெரிந்தவர் வந்து பார்க்க வேண்டும். தினமும் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். நான்கைந்து அகாடமிகள் சேர்ந்து ஒரு வேகப்பந்து கோச்சை ஒரு சனி ஞாயிறு கூப்பிட்டால் தலைக்கு 500 ரூபாய் கூட ஆகாது. அகாடமிகள் டர்ஃப் தரை போடுவதற்குச் செலவழிக்கும் பணத்தில் இது எந்த மூலைக்கு?

உங்கள் பிள்ளையைச் சேர்க்கப் போகும் இடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். பந்து எண்ணிக்கையை யார் எழுதுகிறார்கள்? பள்ளி மேட்ச், லீக் மேட்ச் எண்ணிக்கையும் அதில் சேருமா? வேகமாக உயரம் கூடும் ஆண்டில் பந்து வீச்சைக் குறைப்பீர்களா? ஆக்‌ஷனை மாற்றுவதற்கு முன்னால் வீடியோ எடுத்து யாரிடமாவது காட்டுவீர்களா? வலி என்று பையன் சொன்னால் அடுத்து என்ன செய்வீர்கள்? எந்த டாக்டர், எந்த பிசியோ? பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேள்வியைக் கேட்டு எரிச்சல் படுகிறாரா, யோசிக்கிறாரா என்று பாருங்கள். எரிச்சல் படுகிற இடத்தில் சேர்க்காதீர்கள். கணக்கு நோட்டு ஒன்றை நீங்களும் வீட்டில் வையுங்கள். தேதி, எங்கே, எத்தனை பந்து, வலி உண்டா, இவ்வளவுதான். எங்கள் வீட்டில் இப்போது அதைப் பையனே எழுதுகிறான். மாதக் கடைசியில் அதைப் படம் எடுத்து பழைய கோச், புது கோச், பி.டி. சார் மூவருக்கும் அனுப்புகிறேன். ஞாயிறு லீக் கேப்டனுக்கும் அனுப்பினேன், அவர் இன்னும் கோபமாக இருக்கிறார். அந்த அணியிலிருந்து பையனை எடுத்துவிட்டோம்.

சின்னவளுக்கு இப்போது 10 வயது. அண்ணனைப் பார்த்து அவளும் கிரிக்கெட் ஆடுகிறேன் என்கிறாள். அதே அகாடமியில், அதே விக்கெட் கீப்பர் கோச்சிடம்தான் சேர்த்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் அங்கே, மற்ற நாட்களில் நீச்சலும் தெருவில் ஆட்டமும். அவளுக்கும் தனியாகப் பவுலிங் முகாம் இருக்கிறது என்று ஒருவர் நோட்டீஸ் கொடுத்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உயரம் கூட ஆரம்பிக்கும்போது, அவளுக்கு வேகமாகப் போடுவதில் ஆசை இருந்தால், அப்போது அண்ணனின் கோச்சிடம் கூட்டிப்போவேன்.